சின்ன கடல்நீர் டேங்க் வைக்கப் போறீங்களா? மீன் கடைசியா வாங்குங்க

கடல் டேங்க் ஆரம்பிக்கணும்னு ஆசைப்படுறவங்க எல்லாரும் முதல்ல கேக்குற கேள்வி எந்த மீன் வாங்கலாம்ங்கிறதுதான். அந்த கேள்விக்கு ஒரு ஒன்றரை மாசம் கழிச்சுதான் வேலையே வரும், அதுவரைக்கும் கல்லு, மணல், உப்புத்தண்ணி இது மூணும்தான் டேங்க்ல ஓடிட்டு இருக்கும், பாக்க வர்றவங்க "மீன் எங்க?"ன்னு கேட்டுட்டு போவாங்க. அந்த ஒன்றரை மாசத்தை பொறுத்துக்க முடியும்னா மேல படிங்க, ஏன்னா ஆரம்பத்துல மீன் சாகுறதுக்கு பாதி காரணம் அந்த அவசரம்தான், மீதி பாதி தண்ணி ஒரு நாளைக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

முதல்ல சைஸ். சின்ன டேங்க்னா ஈஸின்னு தோணும், நிஜத்துல தலைகீழ். கடல்ல தண்ணியோட சூடு, உப்பு, பிஹெச் (அமில, காரத் தன்மையோட அளவு) எல்லாம் ரொம்ப மெதுவா மாறும், அங்க வாழுற உயிர்களுக்கு திடீர் மாற்றம்னா என்னன்னே தெரியாது. 20 லிட்டர் பெட்டியில ஏசி ஒரு மணி நேரம் ஓடினாலே தண்ணி சூடு மாறும், கொஞ்சம் தீனி அதிகமா போட்டா அன்னைக்கே தண்ணி கெட்டுடும். அதே தப்பை 100 லிட்டர் தண்ணி கொஞ்சம் தாங்கிக்கும். அதனால முதல் டேங்குக்கு 75ல இருந்து 110 லிட்டர் வரைக்கும் பாருங்க, இதுவே இந்த ஹாபில "சின்னது"தான். உள்ளங்கை அகலத்துக்கு அழகா விக்கிற நானோ டேங்க் எல்லாம் அனுபவம் வந்த பிறகு வெச்சுக்கலாம்.

100 லிட்டர்னா தண்ணி மட்டுமே 100 கிலோ, கல்லு மணல் கண்ணாடி ஸ்டாண்டு சேத்தா 130, 150 கிலோ வரும். சாதாரண மேசை மேல வைக்க வேண்டாம். ஸ்டாண்டு நாலு பக்கமும் மட்டமா இருக்கான்னு ரசமட்டம் வெச்சு பாத்துட்டுதான் தண்ணி ஊத்தணும், ஒரு பக்கம் சாஞ்சு நின்னா கண்ணாடி ஒட்டு மேல அழுத்தம் ஏறும். வெயில் நேரா விழுற ஜன்னல் பக்கம் வேண்டாம், பாசியும் வரும் சூடும் ஏறும். இன்னொன்னு, உப்புத்தண்ணி நல்லா கரண்ட் கடத்தும், அதனால எல்லா ஒயரும் பிளக்குக்கு போறதுக்கு முன்னாடி ஒரு தடவை கீழ தொங்கி அப்புறம் மேல ஏறணும், அப்பதான் ஒயர் வழியா வழியுற சொட்டு பிளக்குக்குள்ள போகாம கீழ விழும். கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற பிரேக்கர் கண்டிப்பா இருக்கணும், இதுல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க.

இப்ப தண்ணி. குழாய் தண்ணியில குளோரின், சில இடத்துல குளோரமின், அது போக நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட், பழைய பைப்பா இருந்தா செம்பு. நமக்கு குடிக்க பரவாயில்லன்னு இருக்கிற செம்பு அளவு இறாலையும் நத்தையையும் கொன்னுடும், பாஸ்பேட்டும் சிலிகேட்டும் பாசிக்கு விருந்து. அதனால ஆர்ஓ, அதோட மிச்சமிருக்கிற உப்பையும் பிடிச்சு எடுக்கிற டிஐ ரெசின் சேந்த பில்டர்ல வந்த தண்ணிதான் சரி, தண்ணியில கரைஞ்சிருக்கிறதை அளக்குற டிடிஎஸ் மீட்டர் வெச்சு பாத்தா 0 காட்டணும். குடிக்கிறதுக்கு வெச்சிருக்கிற ஆர்ஓ மெஷின்ல ருசிக்காக தாது உப்பை திரும்ப சேக்குற செட்டிங் இருக்கும், அது இருந்தா அந்த தண்ணி இதுக்கு ஆகாது.

உப்புன்னா மீன் டேங்குக்குன்னே விக்கிற மரைன் சால்ட் மிக்ஸ். சமையல் உப்பு வெறும் சோடியம் குளோரைடு, கடல் தண்ணியில மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட், பைகார்பனேட்னு நிறைய இருக்கு, அது இல்லாம தண்ணி உப்பு கரிக்குமே தவிர கடல் தண்ணி ஆகாது. லிட்டருக்கு 35ல இருந்து 40 கிராம் வரைக்கும் தேவைப்படும், பிராண்டுக்கு பிராண்டு மாறும். தனி பக்கெட்ல முதல்ல தண்ணி, அப்புறம் அதுல உப்பு, உள்ள ஒரு சின்ன பம்ப்பை போட்டு சுத்த விட்டு, தெளிஞ்சு சூடும் சரியான பிறகு அளந்து பாத்துதான் டேங்குக்கு போகணும். உப்பு மேல தண்ணியை ஊத்தினா ஒரே இடத்துல கெட்டியா கலந்து கால்சியம் வெள்ளையா படிஞ்சுடும், அப்புறம் அது கரையாது. மீன் இருக்கிற டேங்க்ல நேரா உப்பை கொட்டுறது பத்தி பேசவே வேண்டாம். அந்த பக்கெட்டும் இதுக்குன்னே தனியா இருக்கட்டும், சோப்பு பட்ட பக்கெட் வேண்டாம்.

உப்பு அளவை பாக்க முள்ளு ஆடுற ஹைட்ரோமீட்டர் மலிவா கிடைக்கும், ஆனா அந்த முள்ளுல ஒரு காத்துக்குமிழி ஒட்டினாலே தப்பா காட்டும். ஒளி வளையுறதை வெச்சு உப்பை காட்டுற ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிடுங்க, அதோட 35 பிபிடி (ஆயிரம் பங்குக்கு 35 பங்கு உப்பு) அளவுல விக்கிற காலிபரேஷன் திரவத்தையும் வாங்குங்க. வெறும் தண்ணியில 0 வெச்சு சரிபண்ணினா நமக்கு தேவையான இடத்துல தள்ளி காட்ட வாய்ப்பிருக்கு. நம்ம இலக்கு 35 பிபிடி, ஸ்பெசிஃபிக் கிராவிட்டில, அதாவது நல்ல தண்ணியை விட எத்தனை மடங்கு கனம்ங்கிற கணக்குல சொன்னா 1.025, 1.026. சூடு 25, 26 டிகிரி செல்சியஸ். இந்த நம்பரை துல்லியமா பிடிக்கிறதை விட பிடிச்ச நம்பர்லயே நிக்க வைக்கிறது முக்கியம், 34ல நிலையா இருக்கிற டேங்க் 33க்கும் 36க்கும் ஆடிட்டு இருக்கிற டேங்கை விட நல்லா இருக்கும்.

அந்த ஆட்டம் எங்க இருந்து வருதுன்னா பெரும்பாலும் ஆவியாகிறதுல. இதை மட்டும் நிதானமா புரிஞ்சுக்கணும், புதுசா ஆரம்பிக்கிறவங்க அதிகமா சறுக்குற இடம் இது. தண்ணிதான் ஆவியாகும், உப்பு போகாது, அது டேங்க்லயே தங்கிடும். 60 லிட்டர் தண்ணியில மூணு லிட்டர் ஆவியாப் போச்சுன்னா 35ல இருந்த உப்பு கிட்டத்தட்ட 37க்கு ஏறிடும். இப்ப தண்ணி குறைஞ்சிருக்கேன்னு உப்புத்தண்ணியை கலந்து ஊத்தினா இன்னும் ஏறும், அடுத்த வாரம் இன்னும். ஆவியானதுக்கு பதிலா ஊத்த வேண்டியது உப்பு போடாத வெறும் ஆர்ஓ தண்ணி. உப்புத்தண்ணி ஊத்துறது நாம கையால தண்ணி எடுத்து மாத்தும்போது மட்டும்தான். கண்ணாடியில ஒரு கோடு போட்டு வெச்சு தினமும் அந்த கோடு வரைக்கும் ஊத்தினா போதும், வசதி இருந்தா ஏடிஓன்னு சொல்ற ஆட்டோ டாப்ஆஃப் வாங்கிடுங்க, சென்சார் பாத்து அதுவே ஊத்திக்கும். சின்ன டேங்குக்கு வாங்குற சாமான்கள்ல லைட்டை விட முக்கியமானது இதுதான்னு நான் சொல்வேன், லைட்டுக்கு அள்ளிக் கொட்டிட்டு இதை விட்டுடுறவங்கதான் நிறைய பேர்.

உப்பு ஏன் இவ்ளோ பெரிய விஷயம்? கடல் மீனோட ரத்தம் கடல் தண்ணியை விட உப்பு கம்மி, அதனால உடம்புல இருக்கிற தண்ணி எப்பவும் வெளிய இழுபட்டுட்டே இருக்கும், மீன் அதை ஈடுகட்ட கடல் தண்ணியை குடிச்சு அதுல வர்ற கூடுதல் உப்பை செவுள் வழியா வெளியேத்தும். இந்த வேலை நிக்காம நடந்துட்டே இருக்கு. இறால், நத்தை, பவளம் இதுங்களுக்கு அந்த வசதி பெருசா இல்ல, வெளிய தண்ணி எப்படியோ உள்ளயும் கிட்டத்தட்ட அதே உப்பு, அதனாலதான் உப்பு சட்டுனு மாறினா மீனுக்கு முன்னாடி இறால் போகும்.

அடுத்தது கல்லு. கடல் டேங்கோட உண்மையான பில்டர் மெஷின் கிடையாது, துளை துளையா இருக்கிற அந்த கல்லுதான். 1961லயே ஜகார்த்தாவுல இருந்த லீ சின் எங்னு ஒருத்தர், கடல்ல இருந்து எடுத்த உயிருள்ள கல்லையும் காத்துக்குமிழியையும் மட்டும் நம்பி டேங்க் ஓட்டி அதைப் பத்தி எழுதினார், இன்னைக்கு லைவ் ராக்னு நாம சொல்றதுக்கு ஆரம்பம் அங்க இருந்துதான். கல்லோட மேல்பரப்புல ஆக்சிஜன் தேவைப்படுற பாக்டீரியா, உள்ள ஆக்சிஜன் எட்டாத துளைகள்ல நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவா மாத்துற பாக்டீரியான்னு ரெண்டுமே ஒரே கல்லுல குடியிருக்கும். கடல்ல இருந்து வந்த கல்லுல கூடவே வேண்டாத புழு, நண்டு, தொல்லை புடிச்ச அனிமோன் (பூ மாதிரி இருக்கிற, கொட்டுற கடல் உயிர்) எல்லாம் வரலாம், காஞ்ச கல்லு வாங்கினா அந்த பயம் இல்ல, ஆனா பாக்டீரியா குடியேற நாள் ஆகும். ஆரம்பத்துக்கு காஞ்ச கல்லுதான் என் ஓட்டு. 75 லிட்டருக்கு ஆறுல இருந்து எட்டு கிலோ போதும், சுவர் மாதிரி அடுக்காம நடுவுல தண்ணி புகுந்து போற மாதிரி குகை விட்டு வைங்க, கல்லை முதல்ல அடி கண்ணாடி மேல நிறுத்திட்டு அப்புறம் மணலை சுத்தி கொட்டுங்க, மணல் மேல கல்லை வெச்சா ஏதாவது மீன் கீழ தோண்டி ஒரு நாள் மொத்தமும் சரியும். மணல்னா அரகோனைட், அது கால்சியம் கார்பனேட், ஆத்து மணல் வேண்டாம்.

இப்ப அந்த ஒன்றரை மாசம் எதுக்குன்னு பாப்போம். மீன் செவுள் வழியா அம்மோனியாவை விட்டுட்டே இருக்கும், மிச்ச தீனி அழுகினாலும் அம்மோனியா. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும், நைட்ரேட் ஓரளவுக்கு மீனுக்கு பெரிய தொல்லை இல்ல, தண்ணி மாத்தி குறைச்சுக்கலாம். புது டேங்க்ல இந்த பாக்டீரியா ரெண்டுமே போதுமான அளவு இருக்காது, அதுங்க ரொம்ப மெதுவா பெருகுறவை. அதுலயும் கடல் டேங்க்ல அம்மோனியா இன்னும் மோசம், ஏன்னா பிஹெச் 7ல இருந்து 8க்கு போனாலே அம்மோனியாவோட விஷமான வடிவம் கிட்டத்தட்ட பத்து மடங்கு கூடிடும், நம்ம டேங்க் 8.1, 8.3ல ஓடுறது. நன்னீர் தொட்டியில தப்பிச்ச அவசரம் இங்க தப்பிக்காது.

செய்யுறது இதுதான். கல்லு, மணல், 35 பிபிடி தண்ணி, ஹீட்டர், பம்ப் எல்லாம் ஓட விட்டு, அம்மோனியம் குளோரைடு திரவத்தை அளந்து விட்டு அம்மோனியாவை 2 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்குக்கு 2 பங்கு) கொண்டு வாங்க, பாட்டில்ல விக்கிற பாக்டீரியாவும் சேத்துக்கிட்டா கொஞ்சம் சீக்கிரம் முடியும். டெஸ்ட் கிட்ல ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை பாத்து எழுதி வைங்க. முதல்ல அம்மோனியா இறங்க ஆரம்பிக்கும், நைட்ரைட் ஏறும், ரொம்ப நாளைக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரி நைட்ரைட் அப்படியே நிக்கும், இங்கதான் பொறுமை போயி மீன் வாங்கிட்டு வந்துடுவாங்க. அப்புறம் ஒரு நாள் திடீர்னு அதுவும் விழும். திரும்ப 2 பிபிஎம் அம்மோனியா விட்டு 24 மணி நேரத்துல அம்மோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டுமே 0 வந்துட்டா டேங்க் ரெடி. நாலுல இருந்து ஆறு வாரம்னு சொல்லுவாங்க, சிலதுக்கு முன்ன பின்ன ஆகும், காலண்டரை பாக்காம டெஸ்ட்டை பாருங்க. இப்படி பாக்டீரியாவை வளக்குறதுக்கு "சைக்கிள்" பண்றதுன்னு பேரு, அதுக்கு ஒரு மீனையே விடுற பழைய பழக்கம் இன்னும் இருக்கு. அந்த மீன் தன் கழிவுலயே செவுள் வெந்து கிடக்கும், தேவையே இல்லாத கொடுமை.

சாமான்கள் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். தண்ணி ஓட்டம் நிறைய வேணும், வேவ்மேக்கர்னு சொல்ற, தண்ணியை அலைய வைக்கிற பம்ப் ஒண்ணு போட்டு மணிக்கு டேங்க் கொள்ளளவு மாதிரி பத்துல இருந்து இருபது மடங்கு தண்ணி சுத்துற மாதிரி இருக்கட்டும், மேல்பரப்பு அலையணும், அப்பதான் ஆக்சிஜன் உள்ள போகும். ஹீட்டர் லிட்டருக்கு ஒரு வாட் கணக்கு, கூட ஒரு தனி தெர்மாமீட்டர், ஏன்னா ஹீட்டர் கெட்டுப்போனா சில சமயம் ஆன்லயே மாட்டிக்கும். தண்ணி 28ஐ தாண்டி ஏறுற ரூம்னா மேல்பரப்புல ஃபேன் அடிக்கலாம், ஆவியாதல் கூடும், அதுக்கேத்த மாதிரி டாப்அப். புரோட்டீன் ஸ்கிம்மர் பொடிப்பொடி காத்துக்குமிழியை தண்ணிக்குள்ள விடும், கரிமக் கழிவு குமிழியோட ஓரத்துல ஒட்டிக்கிட்டு நுரையா மேல ஏறி கப்புல விழும், அந்த கப்பை திறந்தா அடிக்கிற வாடை இருக்கே, அதை சொல்லி புரிய வைக்க முடியாது. இருந்தா நல்லது, 75 லிட்டர் டேங்க்ல ரெண்டு மீனும் வாராவாரம் தண்ணி மாத்துறதும் இருந்தா அது இல்லாமலும் ஓட்டலாம். மீன் மட்டும்னா எந்த எல்இடி லைட்டும் போதும்.

சைக்கிள் முடிஞ்சதும் டேங்க் அழகா இருக்கும்னு நினைச்சா இல்ல, மணல் கல்லு எல்லாத்து மேலயும் பழுப்பா தூள் படியும். அது டயாட்டம்னு ஒரு பாசி. சிலிகேட் தீந்ததும் தானா குறையும். அது போனா பச்சை பாசி, சில டேங்க்ல செவப்பா வழுவழுன்னு சயனோன்னு ஒரு வகை பாக்டீரியா. இந்த ஹாபில இதுக்கு அசிங்கமான கட்டம்னே பேரு, பல மாசம் கூட இழுக்கும். கெமிக்கல் எதையும் ஊத்தாம லைட் நேரத்தை குறைச்சு தண்ணி மாத்திட்டு நத்தைகளை விடுங்க. ட்ரோக்கஸ் நத்தை நல்லது, கவுந்து விழுந்தா தானே திரும்பிக்கும், டர்போ நத்தை பெரும்பாலும் கவுந்தபடியே கிடந்து செத்துடும். நாஸாரியஸ் நத்தை மணலுக்குள்ள மூக்கை மட்டும் நீட்டி புதைஞ்சு கிடந்து தீனி வாசம் வந்தா படையா கிளம்பி வரும். ஹெர்மிட் நண்டு விட்டா காலி ஓடு நாலஞ்சு கூட போடுங்க, இல்லன்னா ஓட்டுக்காக நத்தையை கொன்னுடும்.

சரி, மீன். ஒசெல்லாரிஸ் க்ளவுன் மீன் ஜோடி, ஆரம்பத்துக்கு இதை விட நல்லது கம்மி. பண்ணையில பிறந்தது தாராளமா கிடைக்குது, டேங்க் தீனிக்கு பழகினது, அனிமோன் இல்லாமலே சந்தோஷமா இருக்கும், பத்து வருஷத்துக்கு மேலயும் வாழும். எல்லா க்ளவுனும் முதல்ல ஆண்தான், கூட்டத்துல பெரிய ஆள் யாரோ அது பெண்ணா மாறும், அதனால ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா வாங்கினா தானா ஜோடி ஆயிடும். ரெண்டு பெரிய பெண்ணை ஒண்ணா போட்டா சண்டைதான். ஃபயர்ஃபிஷ் அழகு, சாது, ஆனா பயந்தா தாவிடும், மேல வலை மூடி இல்லாத டேங்குக்கு வேண்டாம். என்னை கேட்டா சின்ன டேங்குக்கு வாட்ச்மேன் கோபி மீனும் பிஸ்டல் இறாலும்தான். இறாலுக்கு கண்ணு சரியா தெரியாது, அது நாளெல்லாம் புல்டோசர் மாதிரி மணலை தள்ளி வளை தோண்டும், கோபி வாசல்ல காவல் உக்காந்திருக்கும், இறாலோட ஒரு மீசை எப்பவும் கோபி மேல பட்டுட்டே இருக்கும், ஆபத்துன்னு கோபி வாலை சிலுப்பினதும் ரெண்டும் உள்ள. இதை பாத்துட்டே ஒரு சாயங்காலம் போயிடும்.

நீல டேங்னு ஒரு மீன், கடையில விரல் அளவுல இருக்கும், வளந்தா 30 சென்டிமீட்டர் கிட்ட வரும், நீந்த இடம் வேணும், 100 லிட்டர்ல வைக்கிறது பாவம். மாண்டரின் மீன் கண்ணை பறிக்கும், ஆனா அது நாள் முழுக்க கல்லுல கொத்தி கோப்பிபாட்னு சொல்ற பொடி உயிர்களை தின்னே வாழ்றது, புது டேங்க்ல அது இருக்காது, மீன் மெல்ல பட்டினியில இளைக்கும். டாம்செல் மீன் மலிவு, சாகாது, அதுக்காக வாங்கிடாதீங்க, அப்புறம் வர்ற எந்த மீனையும் நிம்மதியா விடாது. 75, 100 லிட்டருக்கு மூணு சின்ன மீன், மிஞ்சினா நாலு. அதுவும் ஒரே நாள்ல வேண்டாம், ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் ரெண்டு மூணு வாரம் விடுங்க, பாக்டீரியா அந்த புது சுமைக்கு ஏத்த மாதிரி பெருகணும்ல.

வாங்கிட்டு வந்த மீனை நேரா டேங்க்ல விடாம, தனியா ஒரு சின்ன பெட்டியில நாலு வாரம் வெச்சு பாக்குறது நல்லது. போர் அடிக்கிற வேலைதான். கடல் வெள்ளைப்புள்ளி நோய் ஒட்டுண்ணி ஒரு தடவை டேங்குக்குள்ள வந்துட்டா மீனையெல்லாம் வெளிய எடுத்துட்டு பத்து பதினோரு வாரம் டேங்கை மீனில்லாம ஓட விட வேண்டியிருக்கும், அதுக்கு இது பரவாயில்ல. செம்பு மருந்து எல்லாம் அந்த தனி பெட்டியில மட்டும்தான், மெயின் டேங்க்ல ஊத்தினா இறாலும் நத்தையும் காலி. இறால் நத்தையை டேங்க்ல விடும்போது சொட்டு சொட்டா டேங்க் தண்ணியை கலந்து ஒரு மணி நேரம் பழக்கிட்டு விடுங்க, பை தண்ணியை டேங்க்ல ஊத்தாதீங்க.

அப்புறம் ஓடுற டேங்க்ல வேலை கம்மிதான். தினமும் ஒரு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு தீனி, டாப்அப், சூடு ஒரு பார்வை. வாரம் ஒரு தடவை 10 சதவீதம் தண்ணி மாத்துறது, அதே சூடு அதே உப்புல கலந்த தண்ணி. நைட்ரேட் 20 பிபிஎம்முக்கு கீழ இருந்தா நிம்மதி. கண்ணாடி விளிம்புல, ஒயர்ல வெள்ளையா பூக்கிற உப்பை ஈரத்துணியில தொடச்சுடுங்க. டேங்க் இருக்கிற ரூம்ல கொசு மருந்து ஸ்ப்ரே அடிக்கக்கூடாது, வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க.

பவளம் ஆசை எப்படியும் வரும். ஆறு மாசம் மீனோட நிலையா ஓடின பிறகு மஷ்ரூம், லெதர் மாதிரி சாஃப்ட் கோரல்ல ஆரம்பிங்க, அதுக்கு நடுத்தர வெளிச்சம் எட்டு மணி நேரம் போதும், கால்சியம் டோசிங் எல்லாம் தேவைப்படாது, தண்ணி மாத்துறதே போதுமா இருக்கும். பிஹெச்சை இறங்காம தாங்கிப் பிடிக்கிற ஆல்கலினிட்டி 8, 9 டிகேஹெச்ல (அதை அளக்குற அலகு) நிக்குதான்னு மட்டும் பாத்துட்டே இருங்க. ஜோவான்தட்னு பவளம் மாதிரியே கல்லுல ஒட்டி வளர்ற ஒண்ணு பளபளன்னு கலர் கலரா ஈஸியா வளரும், எல்லாரும் சிபாரிசு பண்ணுவாங்க, ஆனா அந்த குடும்பத்துல பல வகையில பாலிடாக்சின்னு ரொம்ப கொடிய விஷம் இருக்கு. கையுறையும் கண்ணாடியும் போடாம தொடாதீங்க, கையில வெட்டுக்காயம் இருக்கிற அன்னைக்கு கிட்டயே போக வேண்டாம், அது ஒட்டியிருக்கிற கல்லை வெந்நீர்ல கொதிக்க வெச்சோ சூடான தண்ணி ஊத்தியோ சுத்தம் பண்ணவே கூடாது, அந்த ஆவியை சுவாசிச்சு குடும்பமே ஆஸ்பத்திரிக்கு போன சம்பவங்கள் நடந்திருக்கு.